கல்யாணப் பந்தியும் தோசைக்கல்லும்

வண்டியை இந்தப் பக்கம் ஓரமாப் போட்டுருங்க அண்ணாச்சி. அது பிரின்சிபால் நிறுத்துற இடம். உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாரு, பாவம் செக்யூரிட்டியைத்தான் பிடிச்சு ஏசுவாரு. ஆங், அப்படித்தான். இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க. மதுரையில இருந்து வந்தவங்களுக்கு நிழலாவது குடுக்கணும்ல.

சாரை உள்ள அனுப்பியாச்சா? பாத்தேன், பாத்தேன். மூணாவது மாடி, லேப். நானும் அங்கதான் இருக்க வேண்டியவன். கைடு பக்கத்துல உக்காந்திருந்தா பிள்ளை அவர் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கும், நீங்க கொஞ்சம் வெளிய இருங்கன்னு உங்க சார் அனுப்பிட்டாரு. நல்லதாப் போச்சுன்னு கீழ இறங்கிட்டேன். மேல வராண்டாவுல நிக்கவே முடியல. உள்ள பேசுறது அரையும் குறையுமாக் கேக்கும், அது பெரிய கொடுமை.

வாடகை வண்டியா? அப்ப உங்களுக்கு அவரைத் தெரியாதா? ஓ. இன்னைக்குத்தான் முதல் சவாரியா. அப்ப சரி. அப்ப உங்ககிட்ட பேசலாம்.

இல்ல, பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு பிள்ளைக்குப் பரீட்சை நடக்குது. எஞ்சினியரிங் படிக்கிற பிள்ளைங்க கடைசி வருஷம் சொந்தமா ஒரு புராஜெக்ட் செய்யணும். அதை வெளி காலேஜ்ல இருந்து ஒருத்தர் வந்து பாத்து, கேள்வி கேட்டு, மார்க் போடுவாரு. அந்த வெளியாளுதான் உங்க சார். எமன் வந்துட்டான்டான்னு பயலுவ சொல்லுவானுவ, தப்பா எடுத்துக்கிடாதீங்க. இன்னைக்கு வந்தது ஒரே ஒரு பிள்ளைக்காக. போன தடவை அவளைத் தேற விடல. இது ரெண்டாவது தடவை. சென்னையில வேலை கிடைச்சிருக்கு, அடுத்த வாரம் போய்ச் சேரணும். இதுல பாஸானாத்தான் வேலை. இல்லன்னா அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவான், சென்னைக்காரனுக்கு என்ன, வரிசையில நிக்குதாங்கள்ல.

பேரு முப்பிடாதி. ஆமா, எங்க பக்கத்துச் சாமி பேரு. கிளாஸ்ல முப்பின்னு கூப்பிடுவாங்க. அவ புராஜெக்டுக்கு வழிகாட்டுற கைடு நான்தான்.

நல்லாப் படிக்கிற பிள்ளைதான் அண்ணாச்சி. அதான... சரி, முதல்ல இருந்து சொல்லுதேன். அவர் வர எப்படியும் நேரமாகும்.

நான் இங்க வாத்தியாரு, அதோட டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் பண்ணுதேன். வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கிடக்கு. வீட்டுல என் மச்சினன் எப்ப வந்தாலும், 'என்ன மாப்ள, இன்னும் டாக்டர் ஆகலயா, தலைவலிக்கு மாத்திரை கேக்கலாம்னு பாத்தேன்'ம்பான். ஆராய்ச்சி என்னன்னா, கம்ப்யூட்டர் வேலையை ரெண்டு விதமாச் செய்யலாம். பிள்ளைங்க புராஜெக்டுக்கு அதுல எது நல்லதுன்னு கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்.

எப்படிச் சொல்ல. இப்ப கல்யாண வீட்டுச் சமையல் இருக்குல்ல? சமைக்கிற தவசுப்பிள்ளையைக் கூப்பிட்டு வச்சு, எத்தனை கூட்டு, எத்தனை பொரியல், பாயசம் பாலா பருப்பான்னு எல்லாம் பேசி முடிவு பண்ணித்தான் அடுப்பைப் பத்த வைப்பாங்க. பத்த வச்ச பிறகு மாமா வந்து, எனக்கு சேமியா பாயசம்தான் வேணும்னா நடக்குமா? நடக்காது. அது ஒரு வழி. இன்னொண்ணு வீட்டுல தோசை சுடுறது. முதல் தோசையைத் தின்னு பாத்துட்டு, உப்பு கம்மி, இன்னும் கொஞ்சம் முறுகலா வேணும்னு சொல்லுவோம். அடுத்த தோசையில சரி பண்ணிருவாங்க. போடப் போடக் கேக்கணும், கேக்கக் கேக்க மாத்தணும். ரெண்டுக்கும் இங்கிலீஷ்ல பெரிய பெரிய பேரு இருக்கு. நான் கிளாஸ்ல இப்படிச் சொல்லித்தான் நடத்துனேன். பயலுவ அதையே பேரா வச்சுட்டானுவ. ஒண்ணு பந்தி குரூப், இன்னொண்ணு தோசை குரூப்.

ரெண்டு குரூப்புக்கும் ஒரே வேலை குடுத்தேன். அப்பதான ஒப்பிட முடியும்? எங்க ஹாஸ்டல் மெஸ்ஸுல ராத்திரி எத்தனை பேரு சாப்பிட வருவாங்கன்னு சமையல்காரருக்குத் தெரியாது. குத்துமதிப்பா ஆக்குவாரு, பாதி மிஞ்சும், அண்டா அண்டாவாப் பன்னிப் பண்ணைக்குப் போகும். பிள்ளைங்க போன்லயே, 'இன்னைக்கு நான் சாப்பிடுவேன்'னு அமுக்குற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்கன்னேன். மெஸ் மேனேஜர் ஆவுடையப்பன் அண்ணாச்சிதான் ரெண்டு குரூப்புக்கும் வாடிக்கையாளர். அவருக்குத் தேவை ஒண்ணே ஒண்ணு. மூணு மணிக்குச் சப்பாத்தி மாவு பிசையணும், அதுக்குள்ள எத்தனை பேருன்னு தெரியணும்.

குரூப்புக்கு மூணு பேரு. பந்தி குரூப்புக்கு முப்பிடாதி தலைவி. தோசை குரூப்புக்கு ரிஸ்வான்னு ஒரு பையன், கடையநல்லூர்க்காரன், நல்ல வாயாடி. சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் பிரிச்சேன். நான் யாருக்கும் பாரபட்சம் பாக்கல, அதை முதல்லயே சொல்லிருதேன்.

பந்தி குரூப்பு அண்ணாச்சியை உக்கார வச்சு எல்லாத்தையும் கேட்டு எழுதி, அவர்கிட்ட கையெழுத்து வாங்குச்சு. எவ்வளவு நேர்த்தியா வாங்குச்சு தெரியுமா? 'ஏம்மா, எம் மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது கூட இவ்வளவு கேக்கலயே'ன்னாரு அவரு. அதுல, மத்தியானம் மூணு மணிக்குள்ள அமுக்கணும்னு இருந்துச்சு. இந்தப் பக்கம் ரிஸ்வான் குரூப்பு சனிக்கிழமைக்கு சனிக்கிழமை எதையாவது கொண்டு போய்க் காட்டும். அவரும் சும்மா இருக்க மாட்டாரு, 'பட்டன் சின்னதா இருக்கு, இட்லி படம் போடுங்கடே'ம்பாரு. அதையும் போட்டுட்டு வருவானுவ.

இப்படிப் போயிக்கிட்டு இருக்கும்போது பொங்கல் லீவு முடிஞ்சு வந்தா, காலேஜ்ல புது ரூல். பகல்ல யாரும் போன் வச்சிருக்கக் கூடாது. ஹாஸ்டல் பிள்ளைங்க போனை ரூம்ல வச்சுட்டு வரணும். காலையில போனா சாயங்காலந்தான் கையில எடுக்க முடியும். அப்ப மூணு மணிக்குள்ள எவன் அமுக்குவான்?

அன்னைக்கு மத்தியானமே முப்பிடாதி என் ரூமுக்கு வந்துட்டா. மூச்சு வாங்குது, படியேறி ஓடி வந்திருக்கா. 'சார், நம்ம புராஜெக்டை யாராலயும் பயன்படுத்த முடியாது சார். ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. சாப்பிடுறவங்க எதுக்கு சார் அமுக்கணும்? சாப்பிடாதவங்க மட்டும் அமுக்கட்டும். அதையும் முந்தின நாள் ராத்திரி மெஸ்ஸுக்கு வரும்போதே, கையில போன் இருக்குற நேரத்துல அமுக்கட்டும். நாளைக்கு நான் வரலன்னு. அவ்வளவுதான் சார். மாத்திருவேன் சார்'ன்னா.

நான் அசந்துட்டேன் அண்ணாச்சி. எவ்வளவு லேசா இருக்கு பாருங்க. எனக்கே தோணல.

ஆனா அவ பந்தி குரூப். கையெழுத்துப் போட்ட பிறகு மாத்தக் கூடாது. அதுதான் அந்த வழிக்கு நான் வச்ச விதி. அவ மாத்திட்டா அவளும் தோசை குரூப் ஆயிருவா, அப்புறம் நான் எதை எதோட ஒப்பிட? ரெண்டு வருஷ ஆராய்ச்சி, மண்ணோட மண்ணாப் போயிரும். அதனால, 'இல்லம்மா, நீ எழுதுன மாதிரியே செய்யி'ன்னேன். 'யாரும் பயன்படுத்த முடியாதே சார்'ன்னா. 'அதுதாம்மா எனக்கு வேணும்'னு சொன்னேன்.

இல்ல, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. அந்த வழியோட குறை வெளிய தெரியணும்ல? அதுவும் அறிவுதான? நோயாளி இருந்தாத்தான மருந்தைப் பத்திப் பேச முடியும்? அவளுக்கு நல்லா விளக்கித்தான் சொன்னேன். தலையை ஆட்டுனா. எதுத்துப் பேசுற பிள்ளை கிடையாது. அதுக்குப் பிறகும் ரெண்டு மூணு தடவை வந்து கேட்டா, கடைசித் தடவை நான் கொஞ்சம் குரலை ஒசத்திட்டேன். அதுக்கப்புறம் வரல. சொன்ன மாதிரியே செஞ்சா. ஒருத்தரும் அமுக்க முடியாத ஒரு பட்டனை, உக்காந்து, ஒரு பிசிறு இல்லாம செஞ்சு முடிச்சா.

தோசை குரூப்பா? அவனுவளும் திண்டாடுனானுவ. சாயங்காலம் ஆறு மணிக்கு அமுக்கலாம்னு மாத்துனானுவ, ஆவுடையப்பன் அண்ணாச்சி, 'ஆறு மணிக்கு மாவு பிசைஞ்சா ராத்திரி பத்து மணிக்கு உங்க அப்பன் வந்தா சுடுவான்?'ன்னு விரட்டிட்டாரு. அடுத்த சனிக்கிழமை வேற என்னமோ பண்ணுனானுவ, அதுவும் வேலைக்கு ஆகல. ரிஸ்வான் தலையில கையை வச்சுக்கிட்டு என் ரூம்ல உக்காந்திருந்தான். பாவமா இருந்துச்சு. பேச்சுவாக்குல, 'ஏம்ல, சாப்பிடாதவன் மட்டும் அமுக்குனா என்ன?'ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். சட்டுனு பிடிச்சுக்கிட்டான், சூட்டிகையான பய. ரெண்டு வாரத்துல மெஸ்ஸுல ஓட விட்டுட்டானுவ. அண்டாச் சோறு மிஞ்சுறது நின்னு போச்சு. ஆவுடையப்பன் அண்ணாச்சி அவனுவளுக்கு அல்வா வாங்கிக் குடுத்தாரு.

என்ன அப்படிப் பாக்கீங்க? ஆமா, அவ சொன்னதுதான். ஆனா யோசனை யாருக்கு வேணாலும் வரலாம்ல? வாத்தியார்னா நாலு பக்கம் கேட்டதை நாலு பக்கம் சொல்லத்தான செய்வோம். தோசை குரூப்புல வாடிக்கையாளர் குறை சொல்லுதாரு, அடுத்த வாரம் மாத்துறாங்க. விதிப்படி சரியாத்தான் இருக்கு. நான் அதை அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

முதல் வைவாவுக்கும், அதான் இந்தக் கேள்வி கேக்குற பரீட்சைக்கும், உங்க சார்தான் வந்தாரு. ரிஸ்வான் குரூப்பைப் பாத்து அப்படிப் பாராட்டுனாரு. அடுத்து முப்பிடாதி. எல்லாத்தையும் அழகா விளக்குனா. அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: 'இதுவரைக்கும் எத்தனை பேர் பயன்படுத்தியிருக்காங்க?' யாருமே இல்ல சார்ன்னா. 'ஏன்?' பகல்ல போன் கிடையாது சார்ன்னா. 'இது உனக்கு எப்பத் தெரியும்?' பொங்கல் கழிச்சுத் தெரியும் சார்ன்னா. 'அப்புறம் ஏன்மா மாத்தல?'ன்னாரு.

நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். அன்னைக்கு என்னை வெளிய அனுப்பல. அவ என்னைப் பாக்கல அண்ணாச்சி. மேசையைப் பாத்துக்கிட்டு, 'என் தப்புதான் சார். இவங்க ரெண்டு பேரும் நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க. முடிவெல்லாம் நான் எடுத்தது'ன்னா. கூட இருந்த ரெண்டு பேரும் தேறிட்டாங்க. இவ தேறல.

நான் வாயில கொழுக்கட்டையை வச்ச மாதிரி உக்காந்திருந்தேன்.

ஆராய்ச்சியைப் பத்தி வைவாவுல பேச வேண்டாம்னு நான்தான் பிள்ளைங்ககிட்ட சொல்லி வச்சிருந்தேன். பிள்ளைங்களை வச்சு இப்படி ஆராய்ச்சி பண்ணணும்னா காலேஜ்ல முறைப்படி அனுமதி வாங்கணும். வாங்குவோம் வாங்குவோம்னு இருந்தேன், தள்ளிப் போயிருச்சு. அதுவும் போக, கட்டுரை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பியாச்சு. தோசை வழிதான் சிறந்ததுன்னு. வெளிநாட்டுக்காரன் படிச்சுட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கான். இப்பப் போயி, இந்தக் குரூப்போட யோசனைதான் அந்தக் குரூப்புக்குப் போச்சுன்னு நான் எப்படிச் சொல்ல? என் நிலைமையில இருந்து பாருங்க.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு அண்ணாச்சி. ரிசல்ட் வந்த மறுநாள் அவங்க அப்பா வந்தாரு. சுரண்டையில பூக்கடை வச்சிருக்காரு. என்னைப் பாத்ததும் மடிச்சுக் கட்டியிருந்த வேட்டியை இறக்கி விட்டாரு. 'பிள்ளை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கு சார், எந் தப்புதாங்குது. அப்படி என்ன தப்பு சார் பண்ணிச்சு?'ன்னாரு. 'கொஞ்சம் கவனக்குறைவு'ன்னு சொல்லி அனுப்பி வச்சேன். எனக்கு அப்ப கிளாஸுக்கு நேரமாச்சு. அந்த மனுசனை உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. நாற்காலி பக்கத்துலதான் கிடந்துச்சு. வாசல்லயே நிக்க வச்சுப் பேசிட்டேன். அதை நினைச்சா இப்பக் கூடச் சோறு இறங்க மாட்டேங்குது. வயசுல பெரியவரு. வீட்டுல சொன்னேன், 'ஆமா, அது தப்புதான்'னா என் வீட்டுக்காரி. மத்தது எதையும் அவகிட்ட சொல்லல. சொன்னாலும் அவளுக்குப் புரியாது.

அதுக்கப்புறம் நானே ஆபீஸுக்கு நடையா நடந்து இந்த மறு வைவாவுக்கு ஏற்பாடு பண்ணுனேன். அதையும் சேத்துச் சொல்லணும்ல? எத்தனை கைடு செய்வான்? அவளைக் கூப்பிட்டு, 'இப்ப உன் இஷ்டப்படி மாத்திக்கோம்மா'ன்னேன். 'இப்ப மாத்தலாமா சார்?'ன்னு கேட்டா. குத்திக் காட்டல, நிஜமாவே கேட்டா. அந்தக் கேள்விக்கு எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிருச்சு. ஒரே வாரத்துல செஞ்சு முடிச்சுட்டா. லேடீஸ் ஹாஸ்டல்ல ஓடுது. ரிஸ்வான் செஞ்சதை விட இது எவ்வளவோ மேல். ஊருக்குப் போற பிள்ளை ஒரு தடவை சொன்னாப் போதும், திரும்பி வர வரைக்கும் அதுவே கணக்குப் பாத்துக்கிடும்.

அதனால இன்னைக்குப் பாஸ்தான். சந்தேகமே இல்ல. நான் சும்மா பதட்டப்படுதேன்.

இருங்க. அவதான். படியில இறங்கி வாரா. என்ன, இவ்வளவு சீக்கிரமா? முடிஞ்சிருச்சா என்ன? மூஞ்சி சரியில்லயே. ஒரு நிமிஷம் அண்ணாச்சி, வந்துருதேன்.

* * *

தண்ணி இருக்கா அண்ணாச்சி? குடுங்க. இல்ல, சூடா இருந்தாலும் பரவால்ல.

காப்பியடிச்சியான்னு கேட்டிருக்காரு.

ஆமா. போன தடவை ரிஸ்வான் குரூப்புல பாத்தாருல்ல, சாப்பிடாதவன் மட்டும் அமுக்குறது? அதையே இவளும் கொண்டு வந்திருக்கா. 'பொங்கல் கழிச்சு மூணு மாசமா எதுவும் தோணாத பிள்ளைக்கு, அந்தப் பையன் செஞ்சதைப் பாத்த பிறகு எப்படிம்மா தோணுச்சு?'ன்னு கேட்டிருக்காரு. அவர் மேலயும் குத்தம் சொல்ல முடியாது. யார் பாத்தாலும் அப்படித்தான் தெரியும். காப்பின்னு எழுதிட்டாருன்னா, பெயில் மட்டும் இல்ல, விசாரணை கமிட்டி வரைக்கும் போகும். வேலை போச்சு. பேரும் போச்சு.

அவ என்ன சொன்னாளா? ஒண்ணும் சொல்லல. நான் ஆராய்ச்சியைப் பத்திப் பேச வேண்டாம்னு சொன்னதை அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கா அண்ணாச்சி. அவர், போயி கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு யோசிச்சு வாம்மான்னு அனுப்பியிருக்காரு. என்கிட்ட வந்து, 'சார், நீங்க சொல்லுங்க சார்'ங்கா. 'நான் முதல்லயே உங்ககிட்ட வந்து சொன்னேன்னு மட்டும் சொல்லுங்க சார். வேற எதையும் சொல்ல வேண்டாம். அது போதும் சார்'ங்கா. அழல. அழுதுட்டாக் கூடத் தேவல.

அந்தத் தூணுக்கிட்ட நிக்கா பாருங்க. இங்கதான் பாக்கா.

சொல்லிரலாம். என்ன இருக்கு? ஒரு வரி. 'இவதான் சார் முதல்ல சொன்னா, நான்தான் மாத்த விடல.' சொன்னா, ஏன் விடலம்பாரு. ஆராய்ச்சின்னு சொல்லணும். அனுமதி இருக்காம்பாரு. அப்ப அந்தப் பையனுக்கு எப்படித் தெரிஞ்சுதும்பாரு. ஒண்ணைப் பிடிச்சு இழுத்தா ஒண்ணொண்ணா வரும். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு அண்ணாச்சி. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்கள்ல, அதுல நான் எந்த இடம்னுதான் எனக்கே தெரியல.

நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? சும்மா சொல்லுங்க. ... ஆங். சொல்லிருவீங்க. சொல்லுறது லேசு.

இல்ல இல்ல, நீங்க சொல்லுறது சரிதான். சரிதான் அண்ணாச்சி. அவ வேலையை நான் கெடுத்தேன்னு இருக்கக் கூடாது. நான் செஞ்சதுதான் இது. வேற யாரும் செய்யல. வெக்கமா இருக்கு. சொல்லிருதேன். மேல போயி...

இந்தா, அவரே இறங்கி வாராரு. பையோட வாராரு. வண்டிக்குத்தான் வாராரு போல. நீங்க ஏசியைப் போடுங்க, நான் பேசிட்டு வந்துருதேன். முப்பிடாதி! இங்க வாம்மா!

* * *

ஆபீஸுக்குள்ள போயிருக்காரு. மார்க் ஷீட்டைக் கவர்ல போட்டு ஒட்டி ஒப்படைச்சுட்டு வந்துருவாரு. கண்ணாடியை இறக்குங்க. ஏத்தி வச்சிருந்தீங்களா, அப்ப நாங்க பேசினது ஒண்ணும் கேட்டிருக்காதே.

பாஸ் அண்ணாச்சி. பாஸ் போட்டுட்டாரு. ஓரத்து மார்க்குதான், ஆனா பாஸ். சென்னைக்குப் போயிரலாம்.

ஆமா, சொன்னேன். நான்தான் பேசுனேன். 'சார், இந்தப் பிள்ளை காப்பியடிக்கல, எனக்குத் தெரியும்'னு ஆரம்பிச்சேன். நல்லாத்தான் ஆரம்பிச்சேன். அவ என் பக்கத்துல வந்து நின்னா. அவர், 'அப்ப இந்த யோசனை யாரோடது சார்?'ன்னு கேட்டாரு.

அவ என்னைப் பாத்தா.

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாச் சொல்லுதேன் அண்ணாச்சி, அவ பேரைச் சொல்லத்தான் திறந்தேன். நாக்கு நுனியில நின்னுச்சு. அதுக்குள்ள எங்க துறைத் தலைவி ஹெச்.ஓ.டி. மேடம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. 'என்னோடது சார். ரெண்டு குரூப்புக்கும் நான்தான் சொன்னேன். அதான் ஒண்ணு போல இருக்கு'ன்னு வந்துருச்சு.

பொய்யின்னு சொல்ல முடியாதுல்ல? ரிஸ்வானுக்கு நான்தான சொன்னேன். அதோட, காப்பிங்கிற பழி அந்த நிமிஷமே போயிருச்சு. அதை நீங்க பாக்கணும். வேற எதைச் சொல்லியிருந்தாலும் ஆயிரம் கேள்வி வந்திருக்கும், அவர் வண்டியேறிப் போயே போயிருப்பாரு. அவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன். அவளுக்கும் அது தெரியும். தெரியும்னுதான் நினைக்கேன்.

உங்க சார் சிரிச்சாரு. 'அதானே பாத்தேன், இந்தப் பொண்ணுக்கா இது தோணியிருக்கும்னு. போகட்டும், கைடு சொன்னதைப் பிடிச்சு ஒழுங்காச் செஞ்சிருக்கு, பாஸ் போட்டுடறேன்'னாரு. நான் ஆமா சார்ன்னேன். எதுக்கு ஆமான்னு சொன்னேன்னு தெரியல. மேடம் கூடத் தலையை ஆட்டுனாங்க.

அப்புறம் அவர் அவ பக்கம் திரும்புனாரு. 'எல்லாருக்கும் இப்படி ஒரு கைடு கிடைக்க மாட்டாங்கம்மா. உங்க சாருக்கு ஒரு நன்றி சொல்லு'ன்னாரு.

சொன்னா. கையைக் கட்டிக்கிட்டு, நேரா என் கண்ணைப் பாத்து, 'ரொம்ப நன்றி சார்'ன்னா.

நான் என்ன சொன்னேன் தெரியுமா அண்ணாச்சி? 'பரவாயில்லம்மா'ன்னு சொன்னேன்.